ஹூஸ்டனிலிருந்து மினியாபொலிஸுக்குச் சோழியோடு: வளர்ப்புப் பாம்பை வைத்துக்கொண்டு வீடு மாறியவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

எங்கள் வீட்டுப் பாம்பின் பெயர் சோழி. பந்து மலைப்பாம்பு, பெண், வயது எட்டு. நீளம் நாலடி, எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வருடம் கெஞ்சி வாங்கியது. அவள் ஆஸ்டினுக்குக் கல்லூரிக்குப் போனபோது விடுதியில் அனுமதி இல்லை என்று என்னிடம் விட்டுப் போனாள். அன்றிலிருந்து தண்ணீர் மாற்றுவது, உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி இடுக்கியால் நீட்டுவது, உரித்துப் போட்ட சட்டையை எடுப்பது எல்லாம் என் வேலை.

நான் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் இருட்டிவிட்டால் பாம்பு என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டார்கள், பூச்சி என்பார்கள். சின்ன வயதில் சென்னைக்குப் போனபோது கிண்டி பாம்புப் பண்ணையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்ததோடு சரி. அப்படி வளர்ந்த நான் போன ஜனவரியில் ஒரு மலைப்பாம்பைக் காரில் வைத்து 1,900 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தேன். கிளம்புவதற்கு முன்னால் இதைப் பற்றித் தமிழில் தேடினேன், எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

என் கணவருக்கு நவம்பரில் மாற்றல் வந்தது. பொங்கலுக்குள் மினியாபொலிஸ் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஹூஸ்டனில் ஜனவரியில் ஒரு ஸ்வெட்டர் போதும். அங்கே காலையில் மைனஸ் 15, 20 டிகிரி. பந்து மலைப்பாம்பின் பூர்வீகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிகள். வெயில் நேரத்தில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் ஜீவன். அது இருக்கும் கண்ணாடி டேங்கின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 25, 26 டிகிரி இருக்க வேண்டும். தன் உடம்புக்கு வேண்டிய சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள அதற்குத் தெரியாது. ஆக, இந்தப் பயணத்தில் நான் கட்டி எடுத்துப்போக வேண்டிய முக்கியமான சாமான் சூடு. அது எனக்குப் பாதி வழியில்தான் விளங்கியது.

முதலில் சட்டத்தைப் பார்த்தேன். அமெரிக்காவில் பாம்பு விஷயம் மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். டெக்சஸில் பர்மிய மலைப்பாம்பு, பச்சை அனகோண்டா மாதிரிப் பெரிய பாம்புகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், பந்து மலைப்பாம்புக்கு வேண்டாம். ஜார்ஜியாவில் சோளப்பாம்பு அந்த மண்ணின் பாம்பு என்பதாலேயே அதை வளர்க்கக் கூடாது. ஹவாயில் எந்தப் பாம்பும் கூடாது. பிடிபட்டால் 2,00,000 டாலர் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை. குவாம் தீவுக்குள் எப்படியோ புகுந்துவிட்ட பழுப்பு மரப்பாம்பு அங்கிருந்த காட்டுப் பறவைகளை ஏறக்குறைய ஒழித்தே விட்டது. அதைப் பார்த்தபின் ஹவாய்க்காரர்கள் பயப்படுவதில் எனக்கு முழுச் சம்மதம். நாங்கள் குடிபோகும் ஊரின் நகராட்சிக்குப் போன் போட்டுக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டேன்.

வாடகை வீடு அடுத்த பாடு. செல்லப்பிராணிக்கு அனுமதி உண்டு என்று போட்டிருந்த மூன்று வீடுகளில் இரண்டு, பாம்பு என்றதும் கையை விரித்துவிட்டன. மூன்றாவது வீட்டுக்காரர் நிதானமாக இரண்டே கேள்வி கேட்டார்: டேங்குக்குப் பூட்டு உண்டா, விஷம் உண்டா. பூட்டின் படத்தை அனுப்பினேன். ஒப்பந்தத்தில் "ஒரு பந்து மலைப்பாம்பு, பூட்டிய கூண்டில்" என்று எழுதியே கொடுத்துவிட்டார். சொல்லாமல் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று எங்களிடம் சிலர் சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நடு வருடத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் முதலில் தெருவில் நிற்பது அந்தப் பிராணிதான்.

சாமான் ஏற்றும் கம்பெனி, உயிருள்ள எதையும் லாரியில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டது. விமானத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் பயணிகளோடு பாம்பை அனுமதிப்பதில்லை. 2022 டிசம்பரில் டாம்பா விமான நிலையத்தில் ஒரு பயணியின் கைப்பையை எக்ஸ்ரேயில் பார்த்தபோது நாலடி போவா பாம்பு சுருண்டு கிடந்தது செய்தியில் எல்லாம் வந்தது. தபாலில் பாம்பு அனுப்பவே கூடாது. கூரியரில் ஓரிரவில் அனுப்பும் வசதி உண்டு, அதற்கு இரண்டு பக்கமும் தட்பவெப்பம் சரியாக இருக்க வேண்டும். மைனஸ் 15-இல் யாருடைய வாசலிலோ பெட்டி கிடந்தால் என்ன ஆகும்? கார் ஒன்றுதான் வழி. கணவர் வேலைக்காக முன்னாடியே விமானத்தில் போய்விட்டார். நானும் என் தம்பியும் காரில்.

கிளம்புவதற்கு எட்டு நாள் முன்னால் கடைசி எலி. அதன் பிறகு சாப்பாடு இல்லை. வயிற்றில் இரை இருக்கும்போது குலுக்கினாலோ உடம்பு குளிர்ந்தாலோ கக்கிவிடும், அது பாம்பின் உடம்பை மிகவும் கெடுக்கும். கிளம்பும் அன்று காலை சமையலறைத் தராசில் நிறுத்தேன்: 1,640 கிராம்.

பிறகு தலையணை உறை. தையலை உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்தேன், ஒரு நூல்கூடத் தொங்கக் கூடாது, பாம்பின் பல்லிலோ கழுத்திலோ சிக்கும். சோழியை இரண்டு கையாலும் ஏந்தி இறக்கியதும் அவள் வழக்கம்போலத் தலையை நடுவில் ஒளித்து உருண்டையானாள். பந்து மலைப்பாம்பு என்ற பெயரே அதனால் வந்ததுதான். பையின் வாயை மூன்று முறை முறுக்கி, முறுக்கியதையே முடிச்சாகப் போட்டேன். முடிச்சுக்குக் கீழே அவள் வால் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்தேன். பை, காற்றுத்துளை போட்ட பிளாஸ்டிக் டப்புக்குள். டப், தெர்மாகோல் பெட்டிக்குள். பெட்டிக்குள் தெர்மாமீட்டரின் வயர், அதன் முகம் வெளியே என் கண்ணெதிரில். தண்ணீர்க் கிண்ணம் வைக்கவில்லை. ஓடும் காரில் அது கவிழ்ந்து பையை நனைத்தால் குளிர் ஏறிவிடும்.

மகள் போனில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "அம்மா, டேங்கை வேணா லாரில போடு. ஹீட் மேட்டும் தெர்மோஸ்டாட்டும் உன் காலுக்கடியில இருக்கணும்." ஹீட் மேட் என்பது டேங்கின் அடியில் ஒட்டும் சூடாக்கும் விரிப்பு, தெர்மோஸ்டாட் அதன் சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் கருவி. நான் சரி சரி என்றேன், மனசுக்குள் எதற்கு இவ்வளவு என்று நினைத்தேன். அவள் சொன்னபடி செய்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று பின்னால் சொல்கிறேன்.

டல்லாஸ் தாண்டி ஐ-35 நெடுஞ்சாலையைப் பிடித்து, ஓக்லஹோமாவுக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். 36. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 37. தம்பியை உடனே ஓய்விடத்தில் நிறுத்தச் சொன்னேன். பெட்டி மூடியில் உள்பக்கமாக ஒரு ஹீட் பேக், அதாவது உறையைப் பிரித்ததும் தானே சூடாகும் பொட்டலம், ஒட்டியிருந்தேன். காருக்குள் ஹீட்டரும் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்துகொண்டன. மூடியைத் திறந்து ஹீட் பேக்கைப் பிய்த்தெடுத்துவிட்டு, கையை டப்பின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையின் துணி மெல்ல ஏறி இறங்கியது. எண் 29-க்கு இறங்கும்வரை நாங்கள் கிளம்பவில்லை. குளிருக்குப் பயந்து பயந்து, சூட்டில் கொன்றிருப்பேன். கார் ஓடும்போது ஹீட்டரே போதும். ஹீட் பேக் வண்டி பழுதாகி நின்றுவிட்டால் எடுக்க வேண்டிய பொருள், அதுவரை அதன் உறையைப் பிரிக்கவே வேண்டாம்.

இரவு விச்சிட்டாவில் தங்கினோம். அறை பதிவு செய்யும்போதே பாம்பு இருக்கிறது என்று சொல்லி, ஒத்துக்கொண்ட இடம். காரை அணைக்காமல் வைத்து, தம்பி போய் அறை ஹீட்டரை 80 ஃபாரன்ஹீட்டில் வைத்து, அறை சூடானபின் பெட்டியை என் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு ஓடினேன். கன்சாஸ் காற்று முகத்தை அறுத்தது. உடை மாட்டும் அலமாரியின் தரையில், சந்தடி இல்லாத மூலையில் டப்பை வைத்தேன். பையை அவிழ்க்கவில்லை. மோட்டல் அறையில் பாம்பு நழுவினால் ஏசி இடுக்கு, குளியல் தொட்டியின் அடி என்று எங்கே தேடுவது?

பத்தரை மணிக்கு மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, காதை வெச்சுக் கேளு. மூச்சு சத்தம் வருதா?"

"ஒண்ணும் வரலையேடி!"

"அப்ப நல்லா இருக்கா. விசில் மாதிரி, சளி மாதிரி சத்தம் வந்தாத்தான் பயப்படணும்."

அன்று இரவு இரண்டு முறை எழுந்து டப்பில் காதை வைத்துப் படுத்தேன். ஒன்றுமே கேட்காதது எவ்வளவு நிம்மதி என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் ஃபிளின்ட் குன்றுகள் வழியாக எம்போரியா, கன்சாஸ் சிட்டி, டி மாய்ன். குன்றுகளில் காய்ந்த புல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பழுப்பாகக் கிடந்தது. சாப்பிட நிறுத்தியபோது ஒருவர் மாற்றி ஒருவர்தான் இறங்கினோம். நிறுத்திய கார் குளிர்காலத்தில் குளிர்பெட்டி, கோடையில் அடுப்பு. பத்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். இரவு ஒன்பதுக்கு மினியாபொலிஸ் வந்து சேர்ந்தோம்.

லாரி வரவில்லை. வழியில் பனி, நாலு நாள் தாமதம் என்றார்கள். டேங்க், விளக்கு, மரப்பட்டை, அவள் ஒளியும் குகை எல்லாம் லாரியில். என் காலுக்கடியில் இருந்த ஹீட் மேட்டும் தெர்மோஸ்டாட்டும் மட்டும் கையில். மறுநாள் காலை கடையில் அறுபது லிட்டர் டப் வாங்கி, ஒரு ஓரத்தில் அடியில் மேட்டை ஒட்டி, 32-இல் தெர்மோஸ்டாட்டைப் பூட்டி, கீழே செய்தித்தாள் விரித்து, அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டிக் குகை செய்து கொடுத்தேன். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டைப் போட்டால் பாம்பின் வயிற்றுத் தோல் வெந்துவிடும், அது தானாக விலகிப் போகும் என்று நம்பாதீர்கள். நாலு நாள் அந்த டப்பில்தான் இருந்தாள்.

முதல் இரவு விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அட்டைக் குகையின் வாசலில் முதலில் நாக்கு வந்தது. பிறகு மூக்கு. மேலுதட்டில் சூட்டை உணரும் குழிகள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு விரற்கடை முன்னே வந்து நிற்பாள், நாக்கை நீட்டுவாள், நிற்பாள். புது வீட்டின் பெயின்ட் வாசமும் எங்கள் கம்பளி வாசமும் அவள் நாக்கில் பட்டிருக்கும். கிண்ணத்துக்கு வந்து தாடையைத் தண்ணீரில் வைத்துக் குடித்தாள். தொண்டை சின்னச் சின்னதாகத் துடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் தாகம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டு கிடக்கும். பந்து மலைப்பாம்புக்கு 60 சதவீதம் ஈரப்பதம் வேண்டும், எங்கள் மானியில் 18 காட்டியது. அடுத்த சட்டை துண்டு துண்டாக உரிந்தது. ஈரப்பாசி போட்ட டப்பா ஒன்றைக் குகையாக வைத்தபின் சரியானது. இன்னும் சாப்பிடவில்லை, இன்றோடு முப்பத்தாறு நாள். உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

*

ஏஜாக்ஸ், ஒன்ராறியோவிலிருந்து

அக்கா, வாசிக்க வாசிக்க எங்கட கதை ஞாபகம் வந்திட்டுது. நாங்கள் ஸ்காபரோவில ஒரு அபார்ட்மென்ட்ல இருந்து இஞ்ச ஏஜாக்ஸுக்கு வீடு வாங்கி வந்தனாங்கள். மொத்தம் அரை மணித்தியால ஓட்டம்தான். அதாலதான் கவலையீனமா இருந்திட்டம்.

எங்களிட்ட இருந்தது சோளப்பாம்பு, செம்மஞ்சள் நிறம், நல்ல வடிவு. ரொறன்ரோவில விஷப்பாம்பும், வளர்ந்தால் மூன்று மீற்றருக்கு மேல போற பாம்பும் வைச்சிருக்கேலாது. சோளப்பாம்பு அஞ்சடிதான், அதால பிரச்சினை இல்லை. தம்பி அதைத் தலையணை உறையில போட்டு வாயை ஒரு இலாஸ்டிக் பட்டியால கட்டினவன். நீங்கள் முடிச்சுப் போட்ட மாதிரிப் போடேல்லை. சோளப்பாம்பு பந்து மாதிரிச் சுருண்டு கிடக்கிற சாதி இல்லை அக்கா. விரல் மொத்தத்தில ஒரு ஓட்டை கண்டால் காணும், ஆள் வெளியில. 401 ஹைவேயில போய்க்கொண்டிருக்கேக்க பின்னால திரும்பிப் பாத்தால் பை சப்பளிஞ்சு கிடக்குது.

ஏஜாக்ஸ் வந்து காரைக் கராஜுக்குள்ள விட்டிட்டு இருக்கை எல்லாம் கழட்டினம். டாஷ்போர்டுக்குக் கீழ டோர்ச் அடிச்சுப் பாத்தம், இல்லை. ஒக்டோபர் மாதம், வெளியில எட்டு டிகிரி. இரவு குளிர் இன்னும் கூடும். தம்பி அழத் தொடங்கிட்டான், பதினேழு வயசுப் பெடியன்.

அம்மம்மா அப்ப எங்களோட இருந்தவ. அவ வன்னியில புதூர் நாகதம்பிரானுக்கு வருசா வருசம் பொங்கப் போனவ. பாம்பு வளக்கிறது அவவுக்குத் துண்டாப் பிடிக்காது, கூட்டுக்குள்ள வைச்சிருக்கிறது பாவம் எண்டுதான் எப்பவும் சொல்லுவா. அண்டைக்கு ஒண்டும் சொல்லேல்லை. கராஜ் வாசலில ஒரு விளக்கை ஏத்தி வைச்சா. வைச்சிட்டு, "அதுக்குக் குளிருமெல்லே மோனை, எனக்குக் கால் உளைஞ்சால் நீங்கள் சுடுதண்ணிப் போத்தில் தாறியள், அதுக்கும் ஒண்டு வையுங்கோவன்" எண்டா.

நாங்கள் ஒருத்தரும் அதை யோசிக்கேல்லை! போத்திலில சுடுதண்ணி நிரப்பித் துவாயால சுத்தி, முன் இருக்கைக்குக் கீழ வைச்சு, கராஜ் விளக்கெல்லாம் அணைச்சிட்டு வந்திட்டம். விடிய அஞ்சு மணிக்குத் தம்பியும் அம்மம்மாவும் போய்ப் பாத்தவை. துவாய் மடிப்புக்குள்ள, போத்திலைச் சுத்தி ரெண்டு வளையம். தம்பி எடுக்கேக்க கையில சாதாரணமா ஏறி வந்ததாம். அம்மம்மா அதின்ர தலையில இல்லை, முதுகில ஒரு விரலால தொட்டவ. அதுக்கு முன்னம் ஒருநாளும் தொட்டதில்லை.

அக்கா சொன்னதோட நான் சேர்க்கிறது ஒண்டுதான்: அரை மணித்தியாலப் பயணம் எண்டாலும் முடிச்சுப் போடுங்கோ, டப்புக்கும் கிளிப் போடுங்கோ.

*

மெல்பர்னிலிருந்து

ஆஸ்திரேலியாவில் கதை தலைகீழ். இங்கே வெளிநாட்டுப் பாம்பு எதையும் வளர்க்க முடியாது. பந்து மலைப்பாம்பு, சோளப்பாம்பு இரண்டுமே சட்ட விரோதம். அமெரிக்காவிலிருந்து இங்கே குடிபெயர்பவர்கள் சோழியைக் கொண்டுவர வழியே இல்லை, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். உள்நாட்டுப் பாம்பை உரிமம் வாங்கி வளர்க்கலாம். என்னிடம் இருப்பது கார்ப்பெட் மலைப்பாம்பு, இரண்டு மீட்டருக்கு மேல்.

சிட்னியிலிருந்து மெல்பர்னுக்கு மாறியபோது எனக்கு எட்டு வாரம் பிடித்தது காகித வேலைக்குத்தான். நியூ சவுத் வேல்ஸ் உரிமம் விக்டோரியாவில் செல்லாது. அங்கிருந்து வெளியே கொண்டுபோக ஓர் அனுமதி, இங்கே உள்ளே கொண்டுவர ஓர் அனுமதி, இங்கே வளர்க்கத் தனி உரிமம். ஒன்று வந்தால்தான் இன்னொன்று நகரும். வேலையில் சேரும் தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கமில்லை. ஆனாலும் இந்தக் கெடுபிடி வேண்டும் என்றே நினைக்கிறேன். உரிமம் இல்லாவிட்டால் காட்டிலிருந்து பிடித்து விற்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

உங்களுக்குக் குளிர், எங்களுக்கு வெயில். ஜனவரியில் ஹ்யூம் நெடுஞ்சாலையில் பகல் 41 டிகிரி. அதனால் ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினோம். தெர்மாகோல் பெட்டி அதேதான், உள்ளே ஈரத்துணியில் சுற்றிய குளிர்நீர் பாட்டில் ஒன்று, பாம்புப் பையில் படாமல் மறு ஓரத்தில். ஆல்பரியில் மர்ரே ஆற்றைத் தாண்டும்போது அதிகாலை இரண்டு மணி. மனைவி அனுமதிக் கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தாள். யாரும் நிறுத்தவில்லை, கேட்கவில்லை. இந்த மர்ரே ஆற்றங்கரை மரங்களிலும் கார்ப்பெட் மலைப்பாம்புகள் காட்டில் வாழ்கின்றன. பாலத்தில் போகும்போது இருட்டில் அந்த மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வந்த பத்தாம் நாள் சாப்பிட்டது. கார்ப்பெட் மலைப்பாம்புக்குப் பசி அதிகம். சோழிக்கு அவகாசம் கொடுங்கள்.

*

கோயம்புத்தூரிலிருந்து

அக்கா, எனக்கு அவசரமாகப் பதில் வேண்டும். பெங்களூரிலிருந்து கோவைக்கு வேலை மாறி வந்தேன். என்னிடமும் பந்து மலைப்பாம்புதான், ஆண், மூன்று வயது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்த சான்று இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சாரையானாலும் சரி, மண்ணுளியானாலும் சரி. அந்தச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வரும் வெளிநாட்டு இனங்களுக்கு 2024 விதிகளின்படி பதிவு கட்டாயம். பாங்காக்கிலிருந்து பெட்டியில் அடைத்துக் கடத்தி வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட பந்து மலைப்பாம்புகளின் படங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. காகிதம் இல்லாத பாம்பை யாரும் வாங்காதீர்கள்.

ஓசூர், சேலம் வழியாக ஏழு மணி நேரம், பயணம் நன்றாகவே முடிந்தது. வந்து ஐந்து வாரம் ஆகிறது, எலியை நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்கிறான். நாலு நாளைக்கு ஒருமுறை முயற்சி செய்கிறேன். வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

*

மினியாபொலிஸிலிருந்து மறுபடியும்

தம்பி, ஊட்டாதீங்க. முதல் வேலையாக நாலு நாளைக்கு ஒருமுறை நீட்டுவதை நிறுத்துங்க. ஒவ்வொரு தடவையும் அவன் பயந்துதான் பின்வாங்குகிறான். நானும் அதே தப்பைத்தான் செய்தேன். மகள் போனில் அதட்டியபிறகு பதினைந்து நாளைக்கு எலியே காட்டவில்லை. டேங்கின் மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்டினேன். கையில் எடுப்பதை விட்டேன். தண்ணீர் மாற்றுவது மட்டும், அதுவும் சத்தமில்லாமல். வளர்ந்த பந்து மலைப்பாம்பு மாதக்கணக்கில் சாப்பிடாமல் தாங்கும். வாரம் ஒருமுறை எடை மட்டும் பாருங்க. உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே போங்க. சோழி 1,640-லிருந்து 1,570-க்கு இறங்கினாள். அதற்கு மேல் இறங்கவில்லை.

ஏஜாக்ஸ் தங்கைக்கு: உங்க அம்மம்மா சொன்ன சுடுதண்ணிப் போத்தலை எங்கள் பயணப் பட்டியலில் முதல் வரியாக எழுதி வைத்துவிட்டேன்.

சோழி ஐம்பத்தெட்டாம் நாள் சாப்பிட்டாள். மார்ச் மாதம், வெளியே இன்னும் பனி. ராத்திரி பதினோரு மணிக்கு எலியை வெந்நீரில் இளக்கி, தலைப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்கி, குகை வாசலில் இடுக்கியோடு அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மகள் வீடியோ அழைப்பில், அவளும் பேசவில்லை. கழுத்து மெல்ல எஸ் வடிவத்தில் மடிந்தது. நாக்கு நின்றது. அடுத்து இடுக்கியில் ஒரு வெட்டு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, பார்ப்பதற்குள் எலியைச் சுற்றி மூன்று சுருள். ஆஸ்டினில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு கையை மட்டும் ஆட்டினாள். நான் விளக்கைப் போடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.